டீ சுமார், நேரம் தவறாது: வடசென்னையில் ஒரு ஏஏ கூட்டம்

ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழு. நானும் அதில் ஒருவன். கட்டணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். கட்டணம் கிடையாது. சேர்க்கைப் பணம், மாதச் சந்தா, ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எதுவும் கிடையாது. கூட்டம் முடியப்போகும் நேரத்தில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா கைமாறி வரும்; மூடியில் கத்தியால் கீறிய ஓட்டை. முடிந்தவர்கள் பத்தோ இருபதோ போடுகிறார்கள். எதுவும் போடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டாலும் யாரும் கவனிப்பதில்லை. ஹால் வாடகை, டீ, புத்தகம் எல்லாம் அந்த டப்பாவில்தான் ஓடுகிறது.

என் மச்சினர் ஒருமுறை சந்தோஷத்தில் ஐயாயிரம் ரூபாயைக் கவரில் போட்டு எடுத்துவந்துவிட்டார். கணக்குப் பார்க்கிறவர் கவரைத் தொடவே இல்லை. "சார், நீங்க குடிநோயாளி இல்லையே, உங்ககிட்ட வாங்க முடியாது" என்று சொல்லி ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மச்சினருக்கு முகம் தொங்கிவிட்டது. "பணம் வேணாம்னு சொல்றாங்கன்னா பின்னாடி வேற எதையோ கேப்பாங்க, பாத்துக்க" என்று வீட்டில் வந்து எச்சரித்தார். இதுவரை யாரும் எதையும் கேட்கவில்லை. குழுக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ஏஏவின் 12 மரபுகளில் ஏழாவது, வெளியாரிடம் நன்கொடை வாங்கக் கூடாது என்பது. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1938 வாக்கில் ஆரம்பகால உறுப்பினர்கள் பெரிய பணக்காரரான ராக்பெல்லரிடம் உதவி கேட்டுப் போனார்கள். பணம் இதைக் கெடுத்துவிடும் என்று சொல்லி அவர் 5,000 டாலரோடு நிறுத்திக்கொண்டார். அப்போது அவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்க்கும்போது மனிதர் விஷயம் தெரிந்தவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் பிழை திருத்துகிறவன். ராயப்பேட்டை, திருவல்லிக்கேணிப் பக்கத்து அச்சகங்களுக்கு ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை, கோனார் உரை வகையறா என்று எது வந்தாலும் பார்த்துக் கொடுப்பேன். கை நடுங்கினால் இந்தத் தொழிலில் உடனே தெரிந்துவிடும். ஓரத்தில் போடவேண்டிய நீக்கல் குறி வரிக்குள் போய் விழும். ஒரு அச்சக முதலாளி, நல்ல மனிதர், வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. புரூப்பைப் பகல் பன்னிரண்டுக்கு மேல் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். டாஸ்மாக் திறப்பது பன்னிரண்டு மணிக்கு. அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

என் பெயரை இங்கே போடவில்லை. ஏஏவில் இருப்பவர்கள் பத்திரிகையிலும் பொதுவெளியிலும் பெயரோடு தங்களை அறிவித்துக்கொள்வதில்லை. அனானிமஸ் என்பதே அதற்குத்தான். குழு எங்கே கூடுகிறது என்பதையும் பெரம்பூரைச் சுற்றி ஒரு சர்ச் வளாகம் என்பதோடு விட்டுவிடுகிறேன். முகவரி இல்லாத விமர்சனம் எதற்கு என்று கேட்கலாம். உங்கள் ஊரில் உங்கள் முகவரியை நீங்கள்தான் தேடப்போகிறீர்கள். தேடுவதுதான் இதில் கஷ்டமான பகுதி, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடியை நிறுத்த வழி சொல்லும் விளம்பரங்களுக்குச் சென்னையில் பஞ்சமே இல்லை. மின்சார ரயிலில் கதவோரம் நின்றால் கண்ணெதிரே ஒட்டியிருக்கும்: குடிப்பவருக்குத் தெரியாமலேயே நிறுத்தலாம், சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் போதும். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் எந்த நோட்டீஸிலும் இருக்காது. உள்ளே டைசல்ஃபிராம் இருந்தால் அது விளையாட்டு இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து, சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவரே ஒத்துக்கொண்டு போடவேண்டிய மாத்திரை அது. தெரியாமல் சாம்பாரில் கலந்துவிட்டு, ஆள் வழக்கம்போல் குவார்ட்டரைத் திறந்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். நல்லதுக்குத்தானே செய்தோம் என்று நினைக்கும் வீடுகளில்தான் இது நடக்கிறது.

அப்புறம் மறுவாழ்வு மையங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடை போடமாட்டேன். முறையாக நடப்பவை உண்டு. ஆனால் எங்கள் தெருவில் ஒருவரை ராத்திரி வேனில் வந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, பார்க்க வந்த மனைவியை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஆள் திரும்பி வந்தபோது குடியை விட்டிருக்கவில்லை, வீட்டாரோடு பேசுவதை விட்டிருந்தார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிப்பழக்கத்தால் வரும் பிரச்சினைகளையும் சேர்த்தே பேசுகிறது. மையம் நடத்துகிறவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிடுங்கள்.

கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது, சபரிமலைக்கு மாலை போடுவது எல்லாம் நானும் பார்த்தேன். மாலை போட்டிருக்கும் வரை சொட்டு தொடமாட்டேன். அதில் பொய்யே கிடையாது. மலையிலிருந்து இறங்கிக் குருசாமி கையால் மாலையைக் கழற்றிய பிறகு என்ன என்பதுதான் கேள்வி. அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஏஏவைப் பற்றி முதலில் சொன்னது ஒரு டாக்டர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில், வெளிநோயாளிச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார். அதை அழைத்தபோது எடுத்தவர் பஸ்ஸில் இருந்தார். கண்டக்டர் விசில் சத்தம் கேட்டது. "சொல்லுங்க சார், நானும் குடிநோயாளிதான். நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்க?" என்றார். பெயரைக் கேட்கவில்லை, எவ்வளவு குடிப்பேன் என்றும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்பதை மட்டும் கேட்டார். நான் இடத்தைச் சொன்னதும், "அப்ப உங்களுக்கு நடக்கிற தூரத்துலயே ஒண்ணு இருக்கு, ராத்திரி ஏழு மணி, நான் வந்து கேட்ல நிக்கிறேன்" என்றார். சொன்னபடியே நின்றார்.

எண் கையில் இல்லாதவர்கள் 14446-ஐ அழைக்கலாம்; போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் இலவச எண். 14416 மனநல உதவிக்கான டெலி மானஸ் எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம். ஏஏவின் இந்திய அலுவலகமும் ஊர்வாரியாகக் குழுக்களின் பட்டியல் வைத்திருக்கிறது. எங்கிருந்து விவரம் கிடைத்தாலும் சரி, கிளம்புவதற்கு முன்னால் அன்றைக்கே போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாடகை இடத்தில் கூடும் குழுக்கள் இடம் மாறும், கிழமை மாறும். எனக்குத் தெரிந்த ஒருவர் எங்கோ கிடைத்த பழைய தாளை நம்பி ஒரு பள்ளிக்கூட வாசலுக்குப் போயிருக்கிறார். "அவங்க போய் ரொம்ப நாளாச்சே" என்றாராம் வாட்ச்மேன். மனசைத் திடப்படுத்திக்கொண்டு கிளம்பியவனுக்கு அந்த ஒரு வரி போதும், நேரே பாருக்குப் போய்விடலாம்.

எந்தக் குழுவைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் என் பதில் ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பதை. நகரத்தின் தென்பக்கம் ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு கூட்டத்துக்கும் போயிருக்கிறேன். ஏசி உண்டு, பேசுகிறவர்கள் கோவையாகப் பேசுகிறார்கள், பிஸ்கட் கூட நல்ல பிராண்ட். ஆனால் அங்கே போக எனக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு உடம்பு கேட்க ஆரம்பிக்கும்போது யாரும் இரண்டு பஸ் மாறிப் போய் மனம் திறந்து பேசிவிட்டு வரமாட்டார்கள். போகிற வழியில் எத்தனை பச்சைப் பலகை இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிகிறது. ஆறரைக்குச் செருப்பை மாட்டினால் வீட்டுக்கு வரும்போது ஒன்பது. தேர் நிலைக்கு வந்த மாதிரி. கடை பத்து மணி வரை திறந்திருந்தாலும், சாப்பிட்டு முடித்த வயிற்றோடு மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றாது. ஏழு மணி என்று வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இடம்: சர்ச்சுக்குப் பின்னால் ஞாயிறு பள்ளி நடக்கும் ஹால். சிமெண்ட் ஷீட் கூரை, இரண்டு மின்விசிறி, ஒன்றுதான் சுற்றும். சின்னப் பிள்ளைகள் வரைந்த படங்களுக்கு நடுவில், குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் 12 படிகளும் 12 மரபுகளும் எழுதிய இரண்டு துணிப் பதாகைகளைத் தொங்கவிடுவார்கள், முடிந்ததும் சுருட்டி ஒரு பச்சை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். மொத்தக் குழுவின் ஆஸ்தியும் அந்தப் பெட்டிதான். மேசைமேல் ஒரு மணி, சில புத்தகங்கள், லேமினேட் செய்த அட்டைகள், ஒரு கிண்ணம் நிறைய தேன்மிட்டாய். மிட்டாய் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். நிறுத்திய புதிதில் நாக்கு இனிப்புக்கு அலையும். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். அட்டைகளில் எழுத்துப்பிழை அதிகம். திருத்தித் தருகிறேன் என்று நான் சொல்லி வருஷக்கணக்காகிறது. அடுத்த கமிட்டியில் பேசலாம் என்கிறார்கள்.

சரியாக ஏழுக்கு மணி அடிக்கும். முதலில் ஒரு நிமிட மௌனம். பிறகு முகவுரை வாசிப்பார்கள். இதில் சேர ஒரே தகுதி குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம்தான் என்ற வரி அதில் வரும். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கினால் எல்லோரும் சேர்ந்து வணக்கம் சொல்வார்கள். குறுக்கே பேசக் கூடாது, புத்திமதி சொல்லக் கூடாது, ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. நம் ஊரில் பத்துப் பேர் கூடிய இடத்தில் ஒன்றரை மணி நேரம் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லாமல் இருப்பதை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. இதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தரலாம்.

ஒருநாள் ஒருவர் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். வாடை கதவிலேயே தெரிந்தது. தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று பார்த்தால், சேர்பெர்சன் நாற்காலியில் இருந்த பெண்மணி (மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கும் தொழில், குரல் கணீரென்று இருக்கும்) "அண்ணே, உக்காருங்க, கேளுங்க, இன்னிக்குப் பேச வேணாம், நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லி விசிறிக்கு அடியில் இடம் காட்டினார். குடித்திருப்பவர் உட்காரலாம், பேசக் கூடாது என்பதுதான் அங்கே வழக்கம். அவர் சுவரில் சாய்ந்து தூங்கியேவிட்டார். முடிந்தபின் இரண்டு பேர் ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் அவரை எதிர்பார்த்து ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டார்கள். வரவில்லை. வெகுநாள் கழித்து வந்தார், வந்தவரை யாரும் இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. ஸ்லிப் ஆகி, அதாவது மறுபடி குடித்துவிட்டு, திரும்புகிறவருக்கு வீட்டில் கிடைக்கும் வரவேற்பு எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

ஸ்பான்சர் என்று ஒருவரை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். நமக்கு முன்னால் இந்த வழியில் நடந்தவர், கூட நின்று படிகளைச் செய்யவைப்பவர். எனக்குக் கிடைத்தவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல்நாளே சொல்லிவிட்டார்: "ஊத்துறதுக்கு முன்னாடி எத்தன மணின்னாலும் போன் பண்ணு, எடுப்பேன். ஊத்தினப்புறம் பண்ணாத தம்பி, எனக்கு பிபி இருக்கு, தூக்கம் கெடக் கூடாது." அவர் சொல்லிக் கொடுத்ததில் எனக்கு மிகவும் உபயோகப்பட்டது நான்கு சொல்: பசி, கோபம், தனிமை, அசதி. குடிக்கத் தோன்றும்போது இதில் எது என்று பார், அதைச் சரி செய், அப்புறம் பேசலாம். பாதி நாள் எனக்குப் பசிதான். ஐந்தரைக்கு இரண்டு இட்லி தின்றால் தீர்ந்துவிடுகிற விஷயத்துக்கு எவ்வளவு பெரிய காரணமெல்லாம் தேடியிருக்கிறோம்!

நாலாவது படியில் நம்மைப் பற்றிய கணக்கை எழுத வேண்டும்: யார் மேல் என்ன கோபம், யாருக்கு என்ன செய்தோம், எதற்குப் பயந்தோம். வெட்டிய தாள் துண்டுகளை அச்சகத்தில் சும்மாவே தருவார்கள். அதில் நோட்டுத் தைத்து எழுதினேன். எழுதியதை இன்னொருவருக்கு வாசித்துக் காட்டுவது ஐந்தாவது படி. பிழை திருத்தாமல் வாசிக்க வேண்டும் என்று லைன்மேன் கண்டிப்பாகச் சொன்னார். எட்டிலும் ஒன்பதிலும் நாம் நோகடித்தவர்களிடம் போய்ச் சரி செய்ய வேண்டும், அதனால் அவர்களுக்கோ வேறு யாருக்கோ கெடுதல் வரும் என்றால் மட்டும் விட்டுவிடலாம். இந்த இடத்தில்தான் பலபேர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துகிறார்கள். அவசரப்படுத்தாத ஸ்பான்சர் கிடைத்தால் தப்பித்தோம்.

கடவுள் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், நிறையப் பேர் தயங்குவது அதில்தான். படிகளில் கடவுள் வருகிறார். கூடுவது சர்ச் வளாகம். முடிவில் எல்லோரும் கைகோத்து நின்று ஒரு பிரார்த்தனை சொல்கிறார்கள். மாற்ற முடியாததை ஏற்கும் அமைதி, முடிந்ததை மாற்றும் துணிச்சல், எது எது என்று பிரித்தறியும் அறிவு, இவற்றைக் கேட்கும் பிரார்த்தனை. மதமாற்றக் கூட்டம் என்று என் அம்மாவே சந்தேகப்பட்டார். அப்படி இல்லை. சர்ச்சுக்கு நாங்கள் வாடகைக்காரர்கள், அவ்வளவுதான். கடவுள் என்பதை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்று படிகளிலேயே இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு கறுப்புச் சட்டைத் தோழர் உண்டு. பிரார்த்தனை நேரத்தில் கை கோத்துக்கொள்வார், வாய் திறக்கமாட்டார். "எனக்கு மேல உள்ள சக்தி இந்த இருபது பேருங்கதான்யா. நான் ஒருத்தனா நிறுத்தப் பாத்தேன், முடியல. இவங்க கூட உக்காந்தா முடியுது. இதுல கடவுள் எங்க வந்தாரு?" என்பார். பக்கத்து நாற்காலியில் விபூதிப் பட்டை போட்டவர் தலையாட்டிச் சிரிப்பார். இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் திரும்பிப் போகிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது ஆஸ்பத்திரி இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் ஆளே குழம்பி, இல்லாத பூச்சியைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டு, வியர்த்துக் கொட்டி, காய்ச்சலோடு கிடப்பது டெலிரியம் ட்ரெமன்ஸ். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கத் தூக்கிப் போகிறார்கள். போகவேண்டியது அவசர சிகிச்சைக்கு. சில நாள் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து டாக்டர்கள் இதை அமைதியாகக் கடக்க வைத்துவிடுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். சென்னையில் 1794-லிருந்து இருக்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அறக்கட்டளை நடத்துவது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். முதலில் உடம்பு, அப்புறம் கூட்டம். வரிசையை மாற்ற வேண்டாம்.

கூட்டத்தில் உட்கார்ந்து பேசினால் நோய் போகுமா என்று நக்கலாகக் கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரைப் பற்றியவை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பது என்ற கணக்கில், ஏஏவுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் முறையான சிகிச்சை மற்ற பேச்சு சிகிச்சைகளை விட நன்றாகவே வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எங்கள் ஹாலிலேயே வந்துபோனவர்கள் நிலைத்தவர்களை விட அதிகம். ஆனால் 1935 ஜூன் 10-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குச்சந்தை ஆளும் ஓர் அறுவை சிகிச்சை டாக்டரும் தொடங்கி, 1957-ல் இந்தியாவுக்கு வந்த ஒன்று, தலைவர் இல்லாமல், சொத்து இல்லாமல், பெரம்பூர் சந்து வரை ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அதில் சரக்கு இருக்கிறது. (இந்தச் சொல்லை அங்கே பயன்படுத்தினால் சிரிப்பார்கள்.)

குறைகள். டீ சுமார், கொதிக்கக் கொதிக்க டிரம்மில் வருவதோடு சரி, இஞ்சியும் இல்லை, டீத்தூள் வாசனையும் இல்லை. சிலர் மைக் கிடைத்தவர் மாதிரி பேசுவார்கள். மணி அடித்தால்தான் நிறுத்துவார்கள். தாங்கள் எவ்வளவு குடித்தோம் என்ற வீரக்கதையிலேயே நேரம் போய்விடும், எப்படி விட்டோம் என்பது கடைசி அரை நிமிடத்தில் வரும். வாசலில் பீடி, சிகரெட் புகை. ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைய வேண்டும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெண்கள் மிகவும் குறைவு, ஒருவர் இருவர்தான். கூடவே யாராவது துணைக்கு வந்தால்தான் முதல் நாள் உள்ளே வர முடிகிறது. பெண்களுக்கு மட்டும் நடக்கும் கூட்டங்களும், கொரோனா காலத்தில் பிடித்துக்கொண்ட ஜூம் கூட்டங்களும் அவர்களுக்குச் சௌகரியம் என்று ஐஸ் அக்கா சொல்கிறார். எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வருவது, ஒரு பெரியவர் புதிதாக வருகிற பையன்களிடம் "மாத்திரையும் போதைதான், தூக்கிப் போடு" என்று சொல்வது. ஏஏவின் வெளியீடுகளே உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்கின்றன. மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அவரைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக அல்-அனான் உண்டு. ஏஏவைத் தொடங்கிய பில்லின் மனைவி லோயிஸ் 1951-ல் ஆரம்பித்தது. என் மனைவி அதற்குப் போவதற்கு முதலில் சம்மதிக்கவே இல்லை. "குடிச்சது நீங்க, கூட்டத்துக்கு நானா?" என்றாள். கேள்வி நியாயமானதுதான். பிறகு எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போகிறவளாக ஆகிவிட்டாள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. நான் காரணமில்லை, என்னால் அடக்க முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது என்ற மூன்றை மட்டும் ஒருநாள் சொன்னாள். அதற்கப்புறம் நான் வாசலில் நுழைந்ததும் பக்கத்தில் வந்து மூச்சை மோந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஏடிஎம் கார்டு மட்டும் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. அது குழுவின் யோசனை இல்லை, அவளுடையது.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் டீக்கும் தாழ்ப்பாளுக்கும். முதல்நாள் போகிறவர்கள் ஆறே முக்காலுக்கே போய்விடுங்கள். கூட்டம் ஆரம்பித்தபின் நுழைந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று கூச்சப்பட்டுத் திரும்பிவிடத் தோன்றும். பேச விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டிருக்கலாம், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். குடும்பத்தாரோடு பார்க்க வேண்டுமானால் ஓப்பன் மீட்டிங் என்றைக்கு என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள், மற்ற நாளில் குடிநோயாளிகளுக்கு மட்டும்தான் அனுமதி. டூவீலர் நிறுத்த உள்ளே இடம் இருக்கிறது. கார் வேண்டாம், சந்து குறுகல். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும், அப்போதும் ஏழுக்கு மணி அடிப்பார்கள்.